சூரிச் நேரம்

என் கணவர் தேவராசாவைக் கேட்டால் லண்டனுக்கும் சூரிச்சுக்கும் கூப்பிடு தூரம் என்பார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். "பிளேனிலை ஏறி ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கேக்கை கீழை சூரிச் தெரியும்." லண்டனிலேயே கிங்ஸ்பரியில் இருக்கும் தமையன் வீட்டுக்குச் சனிக்கிழமையில் காரில் போவதைவிட இது கிட்ட என்று அந்தத் தமையனிடமே சொன்னார். அந்த மனிதர் ஒரு மாதம் எங்களோடு கதைக்கவில்லை.

கிலோமீட்டரில் பார்த்தால் எழுநூற்றுச் சொச்சம். வானத்தில் இருக்கிற நேரம் ஒன்றே முக்கால் மணித்தியாலம். ஆனால் இவருடைய கணக்கில் ஒரு தந்திரம் உண்டு. சூரிச்சில் மணி லண்டனைவிட ஒரு மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. அங்கே ஏழு மணிக்கு ஏறுகிறவர் இங்கே ஏழே முக்காலுக்கு இறங்கிவிடுவார்.

"பாத்தீரே நகுலா, முக்கால் மணித்தியாலம்!"

"போகேக்கை எவ்வளவாம்?"

"அதை விடும்."

அதை எப்படி விடுவது? ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஏறினால் அங்கே இறங்கப் பத்தே முக்கால். வருவது கிட்ட, போவது தூரம். இவர் வருகிற கணக்கை மட்டும் ஊருக்குச் சொன்னார். போகிற கணக்கோடு லண்டன் கோலியர்ஸ் வுட்டில் மகளோடு தனியே இருந்தவள் நான்.

நாங்கள் இரண்டு பேரும் சூரிச்சில்தான் குடும்பம் நடத்தத் தொடங்கினோம். அகதியாகப் போய், கோப்பை கழுவி, டொச் மொழி படித்து, கடைசியில் சுவிஸ் பாஸ்போர்ட்டும் எடுத்தோம். எங்களுக்கு ஒரே மகள், தாரகா. அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, பிள்ளை இங்கிலீசில் படிக்கவேண்டும் என்ற காய்ச்சல் எங்களையும் பிடித்தது. சுவிசிலும் ஜெர்மனியிலும் ஹொலண்டிலும் இருந்த எங்கள் சனம் சட்டிபானையோடு லண்டனுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. நானும் மகளும் வந்தோம். இவர் வரவில்லை. சூரிச்சில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் இவருக்கு நல்ல சமையல் வேலை. அந்தச் சம்பளம் இங்கே கிடைக்காது. நாட்டுப் பிரச்சினை முடிந்ததும் ஊரில், கோப்பாயில் ஒரு வீடு கட்டவேண்டும், எல்லாரும் அங்கே போய் இருக்கவேண்டும் என்பது இவருடைய திட்டம்.

"ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரும்" என்றார். ஐந்து வருடமாகிவிட்டது. பல் இன்னும் மிச்சம் இருப்பதே பெரிய விஷயம்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வருவார். ஞாயிறு பின்னேரம் போவார். வந்து நிற்கிற இரண்டு நாளும் மணிக்கூட்டை மாற்றமாட்டார். கையில் எப்போதும் சூரிச் நேரம்தான். "ரெண்டு நாளுக்காக ஏன் திருகுவான்?" என்பார். நான் சமைத்ததை என் மேசையில் இருந்து சாப்பிடுகிற மனிதனுடைய கை மட்டும் வேறொரு ஊரில் இருப்பது எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சிரிப்பார்.

அந்த ஞாயிறு எட்டு மணி பிளைட்டைப் பிடிக்க வீட்டிலிருந்து ஐந்து மணிக்கு வெளிக்கிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். கட்டின புருஷனை மாதாமாதம் ராகுகாலத்தில் அனுப்ப எனக்கு என்ன பைத்தியமா? அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி இருக்கிறது. நல்ல நேரத்தில் பயணப் பெட்டியைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஆள் பிறகு எந்த நேரத்திலும் போகலாம், ராகு ஒன்றும் கேட்கமாட்டார்.

நான் பிடித்த வீடு இம்மாகுலேற் அக்காவுடையது. ரயில் நிலையத்திலிருந்து வரும்போது தெருமுனையில் முதல் வீடு. பாசையூர் மனுஷி, நல்ல கத்தோலிக்கம், பிள்ளைகள் கனடாவில், தனி ஆள். முதல் தரம் நான் விஷயத்தைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"சேசுவே! பெட்டிக்கு நல்ல நேரம், ஆளுக்கு ராகுகாலமோ? அதுசரி, ராகுவுக்கு லண்டன் விசா ஆர் குடுத்தது?"

ஆனால் கதவைத் திறந்து விட்டா. அன்றிலிருந்து பயணம் போகிற ஒவ்வொரு ஞாயிறும் மதியத்துக்குப் பிறகு இவர் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போவார், வெறுங்கையோடு திரும்பி வருவார். "பை சுவிசுக்கு வெளிக்கிட்டுட்டுது. எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடும்" என்பார்.

இரண்டு தரம் இவர் ஒரேயடியாக வாறன் என்று சொல்லியிருக்கிறார். முதல் தரம் நான் ஊரெல்லாம் சொல்லி, கோயிலில் அர்ச்சனையும் செய்தேன். புதிய மனேஜர் வந்துவிட்டார், இப்போது விட்டால் நட்டம் என்றார். இரண்டாம் தரம் ஊருக்குச் சொல்லவில்லை. அலுமாரியில் பாதியை மட்டும் துடைத்து, பேப்பர் விரித்து வைத்தேன். பிறகு போனில், "இன்னும் ஒரு வருசம் பாப்பம் நகுலா" என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் போனில் கேட்டவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் என் சேலைகளை அந்தப் பாதியில் அடுக்கினேன். கோபத்தில் இரண்டு புதுச் சேலையும் வாங்கி அடுக்கினேன்.

இரண்டாயிரத்து ஒன்பது வந்தது. அந்த ஏப்ரலும் மேயும் எங்களில் யார் வீட்டில் இருந்தோம்? ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் இருந்த சதுக்கத்தில் நின்றோம், அங்கேதான் விடிந்தது, பொழுதுபட்டது. மாதம் ஒரு தரம் வருகிறவர் கிழமைக்குக் கிழமை வந்து எங்களோடு நின்றார். ஊரில் எல்லாம் அழிந்து முடிந்துபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே சதுக்கத்தின் புல்லில் நானும் அவரும் இருந்தோம். அவர் அழவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். "நேரமாச்சு" என்று எழும்பிப் போனார். அன்றைக்கு அவர் போகாமல் நின்றிருக்கலாம். நான் கேட்கவில்லை என்பது உண்மை. சில விஷயங்களைக் கேட்டு வாங்க எனக்கு வராது.

அதற்குப் பிறகு இவருடைய பை மெலியத் தொடங்கியது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை பையைத் திறந்தால் சொக்லேட், சீஸ், மகளுக்கு ஏதாவது உடுப்பு என்று பிதுங்கும். ஜூன் மாதத்திலிருந்து ஒரு சேட், ஒரு சோடி சொக்ஸ். பை தோளில் துவண்டு தொங்கும். "இப்ப சொக்லேட் எல்லாம் இஞ்சையும் விக்குதுதானே" என்றார். இத்தனை வருடமாக இங்கே விற்காமலா இருந்தது?

ஒக்டோபர் கடைசியில் தாரகாவுக்குப் பள்ளிக்கூட லீவு. தகப்பனிடம் நாலு நாள் போய் நின்றுவிட்டு வந்தாள். வந்த அன்று குசினியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பாட ரூம் வியர்டா இருக்கு. டிவி இல்ல. ரைஸ் குக்கர் இல்ல. அந்தப் பெரிய வின்ரர் கோட் கூட இல்ல. ஐ ஆஸ்க்ட் ஹிம், பழசெல்லாம் கழிச்சிட்டன் எண்டு சொன்னார்."

"சாமிப் படம்?"

"முருகன் படமா? அதுவும் இல்ல, அம்மா."

என் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. டிவியைக் கழிக்கலாம். கோட்டைக் கழிக்கலாம். நான் கையால் மாட்டிவிட்டு வந்த முருகன் படத்தை இவர் கழிக்கமாட்டார். எங்கள் ஆட்கள் சாமிப் படத்தைச் சுவரிலிருந்து இறக்குவது வீடு மாறும்போதுதான். அப்படியென்றால் இவர் மாறிக்கொண்டிருக்கிறார். எங்கே? என்னிடம் சொல்ல முடியாத எந்த வீட்டுக்கு? சூரிச்சில் எனக்குத் தெரிந்த ஒவ்வொரு பொம்பிளையின் முகமும் வரிசையாக வந்தது. அதில் ஒருத்திக்கு எழுபது வயது. அவவையும் நான் விடவில்லை.

இரண்டு கிழமை கழித்து, நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இவர் வந்தார். அதே துவண்ட பை. சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"அங்கை சமையல் சாப்பாடு எல்லாம் எப்பிடி?"

"வழமைபோலைதான். நேற்றும் சோறு வைச்சன்."

"என்னத்திலை?"

"குக்கரிலைதான்."

இல்லாத குக்கரில் சோறு வைக்கிற மனிதனிடம் என்ன கேட்பது? முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டு, "குழம்பு நல்லாயிருக்கு" என்று இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். அந்தக் குழம்பை அவர் தலையில் ஊற்றாமல் விட்டது என்னுடைய நல்ல குணம்.

சனிக்கிழமை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லுவார் என்று. மகளுக்குச் சைக்கிளுக்குக் காற்றடித்தார். ஒழுகின குழாயைத் திருத்தினார். அன்று படுக்கையில் ஒரு முடிவெடுத்தேன். நாளைக்கு இந்த வீட்டுப் படி இறங்கும் வரைக்கும் அவருக்கு அவகாசம். அதுவரைக்கும் வாய் திறக்காவிட்டால், "இனி மாதாமாதம் வந்து கஷ்டப்படத் தேவையில்லை" என்று நான் சொல்லுவேன். மறுநாள் அந்த வசனத்தைப் பிட்டு அவிக்கும்போது ஒரு தரம், கணவாய் மீன் வெட்டும்போது ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்லக் கணவாய்த் துண்டுகள்தான் சின்னதாகிக்கொண்டு போயின. இருபத்திரண்டு வருடம் இந்த மனிதனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்கு வேறு யாரையும் இந்த அளவுக்குத் திட்டப் பிடிக்காது.

ஞாயிறு இரண்டு மணிக்கு, நான் நினைவூட்டாமலே பையை எடுத்துக்கொண்டு இம்மாகுலேற் அக்கா வீட்டுக்குப் போனார். திரும்பி வர வழக்கத்தைவிடப் பிந்தியது. வந்து கதிரையில் இருந்தவர் திடீரென்று கேட்டார்.

"இஞ்சேரும், இண்டைக்கு ராகுகாலம் எத்தினை மணிக்கு முடியுது?"

"ஆறு மணிக்கு. அஞ்சு வருசமா அதே நேரம்தான். ஏன், இண்டைக்கு மட்டும் பயமோ?"

"இல்லை, சும்மா கேட்டன்."

ஐந்து மணிக்குக் கோட்டைப் போட்டார். மகளைக் கொஞ்சினார். கதவடியில் நின்று என்னைப் பார்த்தார். நான் வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அப்ப வாறன் நகுலா."

"ம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

குசினிக்குப் போனேன். மேசையில் பிட்டும் கணவாய்க் கறியும் கட்டின பார்சல் அப்படியே கிடந்தது. ஐந்து வருடத்தில் இவர் பாஸ்போர்ட்டை மறந்திருக்கிறார், சாப்பாட்டுப் பார்சலை மறந்ததில்லை. அங்கே சமைத்து வைக்க ஆள் இருக்கிறது போல என்று முதலில் நினைத்தேன். அடுத்த நிமிடம், பாவி மனுஷன் ராவைக்குப் பட்டினி கிடக்கப்போறாரே என்று நினைத்தேன். கோபம் எங்கேயும் போகாது, அதைப் பிறகு பார்க்கலாம். பையை எடுக்க அக்கா வீட்டில் எப்படியும் இரண்டு வார்த்தை கதைத்து நிற்பார். பார்சலைத் தூக்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, ராகுகாலம் என்ற நினைப்பே இல்லாமல் தெருவில் ஓடினேன்.

இம்மாகுலேற் அக்கா கதவைப் பாதி திறந்தா. என்னைக் கண்டதும் அந்தப் பாதியையும் தன் உடம்பால் மறைத்தா.

"நகுலா... நீர் ஏன் இப்ப?"

"அவர் போயிட்டாரே, அக்கா? சாப்பாட்டை விட்டிட்டுப் போறார்."

"போயி... ஓம்... இல்லை..." முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்து, நெற்றியில் கையை வைத்தா. "என்னாலை ஏலாது, தேவராசா! ஞாயிற்றுக்கிழமையிலை பூசைக்குப் போயிட்டு வந்து பொய் சொல்ல ஏலாது!"

அவவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

முன்னறையில் என் கணவர் கோட்டோடு, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். அவரைச் சுற்றி அவருடைய சூரிச் அறை இருந்தது. ரைஸ் குக்கர். மடித்த வின்ரர் கோட். சப்பாத்துகள். அவருடைய சமையல் கத்திகளைச் சுற்றிய துணிக்கட்டு. மேலே தட்டில், அக்காவின் மடு மாதாவுக்குப் பக்கத்தில், எங்கள் முருகன்.

"என்ன இது?" என்றேன். திரும்பவும் கேட்டபோது தெருவுக்கே கேட்டிருக்கும். "என்ன இது? பொய்யர்! குக்கரிலை சோறு வைச்சவராம், குக்கர்!"

"இரும் நகுலா, சொல்லுறன்."

"ஜூன் மாசத்திலையிருந்து, பிள்ளை" என்று இம்மாகுலேற் அக்காதான் சொன்னா. "ஒவ்வொரு மாசமும் வெள்ளிக்கிழமை சாமானை இஞ்சை இறக்கிப்போட்டுத்தான் உங்கடை வீட்டை வாறது. கையிலை கொண்டுவரக்கூடின அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா. எனக்கு நெஞ்சிலை ஒரே பாரம். உம்மட்டைச் சொல்லவேண்டாம் எண்டு சத்தியம் வாங்கிப்போட்டார்."

இவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "வேலையை விட்டிட்டன். வியாழக்கிழமை கடைசி நாள். அறையையும் குடுத்திட்டன். இஞ்சை பக்கத்திலை, நோர்பரியிலை, கலியாணச் சாப்பாடு செய்யிற ஒரு குசினியிலை வேலை சரிவந்திருக்கு. சம்பளம் குறைவு. இண்டைக்கு எனக்கு பிளைட் ஒண்டும் இல்லை, நகுலா."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ரெண்டு தரம் சொல்லி உம்மை ஏமாத்தினன். மூண்டாந்தரம் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. வாயாலை சொல்லுறதை விட்டிட்டு முதல் சாமானைக் கொண்டுவருவம் எண்டு நினைச்சன்." கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "மே மாசம் அந்தப் புல்லிலை இருந்தம் பாரும். அண்டைக்கு பிளேனிலை போகேக்கை யோசிச்சன். ஊருக்குப் போறதுக்கு எண்டுதானே நான் அங்கை தனிய இருந்தது. இனி ஆருக்கு அந்தக் கோப்பாய் வீடு? நீங்கள் இருக்கிற இடத்திலை நானும் இருக்கவேணும். அவ்வளவுதான்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் முடியவில்லை, கையில் பார்சல்.

"நீர்தானே சொல்லுவீர்" என்றார் மெல்ல, "நல்ல நேரத்திலை பெட்டியை வேறை வீட்டிலை வைச்சால் பயணம் தொடங்கின மாதிரி எண்டு. நான் ஜூன் மாசமே வெளிக்கிட்டுட்டன், நகுலா. வந்துசேரத்தான் கொஞ்சம் பிந்திப்போச்சு."

"அப்ப ஏன் இண்டைக்குப் போற மாதிரிப் போனனீங்கள்? வீட்டிலையே இருந்து சொல்லியிருக்கலாமே!"

அவர் வெட்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையைத் திரும்பவும் கையில் எடுத்தார். அக்கா சொன்னா: "ஆறு மணி வரைக்கும் இஞ்சை இருக்கப்போறாராம். ராகுகாலம் முடிஞ்ச பிறகு சாமானோடை வந்து பெல் அடிக்கப்போறாராம். ராகுகாலத்திலை குடிவந்தால் நீர் வாசலிலையே நிப்பாட்டிப்போடுவீராம்."

ஐந்து வருடமாக என் ராகுகாலத்தைப் பார்த்துச் சிரித்த மனிதன், எழுநூறு கிலோமீட்டர் வந்துவிட்டு, கடைசி நாலு வீட்டுத் தூரத்துக்கு ராகு போகட்டும் என்று தேத்தண்ணியோடு காத்திருந்திருக்கிறார். நான் அழுதேனா சிரித்தேனா என்று இம்மாகுலேற் அக்காவைத்தான் கேட்கவேண்டும்.

"எழும்புங்கோ, போவம்" என்றேன்.

"இன்னும் ஆறாகேல்லையே." சுவரில் இருந்த அக்காவின் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கையைத் திருப்பித் தன் மணிக்கூட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கையை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். "இஞ்சை பாரும், என்ரையிலை ஆறு பத்து. ராகுகாலம் முடிஞ்சுது!"

அந்தச் சூரிச் நேரத்தை ஐந்து வருடமாக வெறுத்தவள் நான். "ஓம், முடிஞ்சுது" என்றேன். "வாங்கோ."

முருகனை நான் தூக்கினேன். குக்கரும் கோட்டும் அவர் கையில். சாப்பாட்டுப் பார்சலோடு இம்மாகுலேற் அக்கா பின்னால் வந்தா. வழியெல்லாம் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தா. முருகனுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பரவாயில்லை. தாரகா கதவைத் திறந்து எங்கள் மூன்று பேரையும் குக்கரையும் பார்த்தாள்.

"அப்பா? பிளைட்டை மிஸ் பண்ணிட்டீங்களா?"

"ஓம் பிள்ளை" என்றார். "இனி ஒவ்வொரு ஞாயிறும் மிஸ் பண்ணுவன்."

அவள் குக்கரோடு சேர்த்துத் தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். நான் முருகனைச் சாமித் தட்டில் வைத்துவிட்டு, மேலே போய் அலுமாரியைத் திறந்து, என் சேலைகளை இரண்டு கையாலும் அள்ளிக் கட்டிலில் போட்டேன். அந்தப் பாதியில் விரித்த பேப்பர் இன்னும் கிடந்தது. அதைத் தட்டி மீண்டும் விரித்தேன்.

கீழே வந்தபோது, அவர் குசினி மேசையில் பிட்டுக்கு முன்னால் இருந்தார். இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. மணிக்கூட்டைக் கழற்றி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பக்கத்தில் இருந்த சின்னத் திருகை நகத்தால் இழுத்தார். இழுக்க வரவில்லை. இறுகின திருகு, லண்டனில் ஒரு தரமும் தொடாதது. நான் வாங்கி என் நகத்தால் இழுத்துக் கொடுத்தேன். மெல்ல மெல்லப் பின்னால் திருப்பி ஒரு மணித்தியாலத்தைக் குறைத்தார். திரும்பக் கையில் கட்டிக்கொண்டு பிட்டைப் பிசைந்தார்.

இப்போது அவருடைய மணிக்கூட்டிலும் ஐந்து இருபத்தைந்து. ராகுகாலம் முடிய இன்னும் அரை மணித்தியாலத்துக்கு மேலே இருந்தது. இருந்தால் இருக்கட்டும். கணவாய்க் கறியை இன்னும் கொஞ்சம் போட்டேன்.